மடித்த தாளில் ஒரு நூல்

கற்றல் பயன்கள்: மடிப்பு நூலின் பக்க வரிசையைக் கணக்கிடுதல், சொற்செயலியில் தமிழ்க் கையேடு ஒன்றை வடிவமைத்து அச்சிடுதல், அச்சுக்கலை பற்றிய தமிழ்ச் சொற்களை அறிந்து பயன்படுத்துதல்.

1. ஏடும் தாளும்

தமிழில் 'நூல்' என்னும் சொல்லுக்கு இரு பொருள்கள் உண்டு. துணி தைக்கப் பயன்படும் இழையும் நூல். படிக்கப் பயன்படும் புத்தகமும் நூல். பனையோலையில் எழுதிய காலத்தில் இவ்விரண்டும் ஒன்றோடொன்று சேர்ந்தே இருந்தன. ஓலைகளில் துளையிட்டு, அத்துளையில் கயிற்றைக் கோத்துக் கட்டினால்தான் அவை சுவடி ஆகும். கயிறு அவிழ்ந்தால் ஏடுகள் சிதறும். சிதறிய ஏடுகளை மீண்டும் வரிசைப்படுத்த உதவும்பொருட்டு, ஏட்டின் இடப்புற விளிம்பில் ௧, ௨, ௩ எனத் தமிழ் எண்களைப் பொறித்தனர்.

ஓலைச் சுவடியில் ஒவ்வோர் ஏடும் தனித்தது. ஓர் ஏட்டின் முன்புறம் முதற்பக்கம் என்றால், அதன் பின்புறம் இரண்டாம் பக்கம். அடுத்த ஏட்டில் மூன்றாம் பக்கம். ஆகவே ஓர் ஏடு தொலைந்தால், ஓரிடத்தில் மட்டும் அடுத்தடுத்த இரு பக்கங்கள் குறையும்.

தாளை நடுவே மடித்துச் செய்யும் நூலில் நிலைமை வேறு. ஒரு தாளை மடித்தால் நான்கு பக்கங்கள் கிடைக்கின்றன. பல தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து மடித்தால், வெளித்தாளின் ஒரு பாதியில் நூலின் தொடக்கமும், மறுபாதியில் நூலின் முடிவும் அமைகின்றன. அத்தாள் நழுவி விழுந்தால் நூலின் தலையும் காலும் ஒருங்கே போய்விடும். இடையிலுள்ள தாள் ஒன்று விழுந்தால் ஈரிடங்களில் கதை அறுபடும். மடிப்பு நூலைச் செய்பவர் அறிய வேண்டிய முதற்செய்தி இதுவே: தாளின் வரிசை வேறு, படிக்கும் வரிசை வேறு.

2. தமிழ் அறியாத கைகள்

தமிழ் நூல் அச்சேறிய வரலாற்றில் தமிழ் அறியாத கைகளுக்கும் பெரும்பங்கு உண்டு. 1554ஆம் ஆண்டு போர்ச்சுகல் நாட்டின் லிஸ்பன் நகரில் தமிழ்ச் சொற்கள் கொண்ட சமயச் சிறுநூல் ஒன்று அச்சிடப்பட்டது. அங்கே தமிழ் எழுத்து அச்சுகள் இல்லாமையால், தமிழ்ச் சொற்களை உரோமன் எழுத்துகளிலேயே கோத்தனர். பின்னர் 1578ஆம் ஆண்டு கொல்லத்தில், என்றிக்கே என்றிக்கசு என்னும் பாதிரியார் உருவாக்கிய 'தம்பிரான் வணக்கம்' தமிழ் எழுத்துகளிலேயே அச்சாயிற்று. இந்திய மொழி எழுத்துகளில் அச்சான நூல்களுள் இன்று கிடைப்பனவற்றில் இதுவே முந்தியது. அது 16 பக்கங்களே கொண்ட சிறுநூல்.

1712ஆம் ஆண்டு தரங்கம்பாடிக்கு அச்சுப்பொறி வந்தது. அதற்கான தமிழ் எழுத்துகள் செருமனியின் ஹாலே நகரில் வார்க்கப்பட்டு 1713இல் வந்து சேர்ந்தன. அவ்வெழுத்துகள் அளவிற் பெரியவை. ஒரு பக்கத்தில் சில சொற்களே அடங்கியமையால் தாள் மிகுதியாகச் செலவாயிற்று. எனவே தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகளை வார்க்கத் தொடங்கினர். எழுத்தின் அளவுக்கும் தாளின் செலவுக்கும் உள்ள உறவு அன்றே உணரப்பட்டது.

இன்று திருப்பதியிலும் சித்தூரிலும் வாழும் தமிழ் மாணவர்க்கும் இதை ஒத்த நிலை உண்டு. சித்தூர் மாவட்டம் 1911இல் அமைக்கப்பட்டது. அதன் ஒரு பகுதி அதற்கு முன் வடஆர்க்காட்டைச் சேர்ந்திருந்தது. 1953இல் ஆந்திர மாநிலம் தோன்றியபோது சித்தூர் அம்மாநிலத்தில் சேர்ந்தது. 1960இல் திருத்தணிப் பகுதி மட்டும் தமிழ்நாட்டுடன் இணைந்தது. இவ்வெல்லைப் பகுதியில் தமிழ் பேசுவோர் பலர். ஆயினும் கடைத்தெருவிற் பேசும் மொழியாகத் தமிழை அறிந்த பலர், அதைப் படிக்கக் கற்றவரல்லர். அவர்கள் பள்ளியிற் படித்தது தெலுங்கு.

ஆகவே, மாணவர் ஒருவர் தம் தமிழ்க் கையேட்டை அச்சிடச் சித்தூரில் ஒரு ஜெராக்ஸ் கடைக்குச் சென்றால், கடைக்காரர் அவரோடு தமிழில் இனிதே உரையாடலாம். ஆனால் அச்சாகி வரும் பக்கம் நேராக உள்ளதா, தலைகீழாக உள்ளதா, ஐந்தாம் பக்கமா, பன்னிரண்டாம் பக்கமா என்பதை எழுத்தைப் பார்த்துக் கூற அவரால் இயலாமற் போகலாம். அங்கே இருவருக்கும் பொதுவாக உள்ள எழுத்து ஒன்றே: 1, 2, 3 என்னும் எண்கள். பக்க எண் சரியாக இடப்பட்ட கையேட்டை எம்மொழியினரும் பிழையின்றி அச்சிட்டு மடித்துத் தர இயலும். பக்க எண் இல்லாத கையேட்டை, அதை எழுதியவரே அருகில் நின்றாலொழிய, ஒருவராலும் வரிசைப்படுத்த இயலாது.

3. கூட்டுத்தொகை விதி

மடிப்பு நூலின் பக்கங்கள் எப்போதும் நான்கின் மடங்காக அமையும்: 4, 8, 12, 16, 20. பக்கங்களின் எண்ணிக்கையை நான்கால் வகுத்தால் தேவைப்படும் தாள்களின் எண்ணிக்கை கிடைக்கும். 16 பக்க நூலுக்கு 4 தாள்கள் போதும். அவற்றில் பக்கங்கள் அமையும் முறை வருமாறு:

முதல் தாள்: முன்புறம் 16, 1, பின்புறம் 2, 15
இரண்டாம் தாள்: முன்புறம் 14, 3, பின்புறம் 4, 13
மூன்றாம் தாள்: முன்புறம் 12, 5, பின்புறம் 6, 11
நான்காம் தாள்: முன்புறம் 10, 7; பின்புறம் 8, 9

ஒவ்வொரு புறத்திலும் முதலில் உள்ள எண் இடப்பாதியையும், அடுத்துள்ள எண் வலப்பாதியையும் குறிக்கும். இவ்விணைகளைக் கூட்டிப் பார்த்தால் ஓர் ஒழுங்கு புலப்படும். 16 + 1 = 17. 2 + 15 = 17. 14 + 3 = 17. எந்த இணையைக் கூட்டினாலும் 17. அதாவது, தாளின் ஒரே புறத்தில் அமையும் இரு பக்க எண்களின் கூட்டுத்தொகை, நூலின் மொத்தப் பக்கங்களைவிட ஒன்று மிகுதியாக இருக்கும். 12 பக்க நூலில் அது 13. 20 பக்க நூலில் 21.

இன்னோர் ஒழுங்கும் உண்டு. ஒற்றைப்படை எண்கள் எப்போதும் வலப்பாதியிலும், இரட்டைப்படை எண்கள் எப்போதும் இடப்பாதியிலும் வரும். தமிழும் தெலுங்கும் இடமிருந்து வலமாக எழுதப்படுவதால் இரண்டிற்கும் இவ்வொழுங்கு பொருந்தும். உருது வலமிருந்து இடமாக எழுதப்படுவதால், உருது நூலின் முதுகு வலப்புறம் அமையும். பக்கங்களும் இடம் மாறும்.

கணினி இக்கணக்கைத் தானே செய்துவிடும். எனினும் விதியை அறிந்தவரே கணினி செய்தது சரியா என்று பார்க்க வல்லவர். அச்சான முதல் தாளைக் கையில் எடுத்து, இரு எண்களைக் கூட்டிப் பார்க்க ஒரு நொடி போதும். தவறு அங்கேயே தெரிந்துவிட்டால் எஞ்சிய தாள்கள் வீணாகா.

4. தாளின் அளவும் எழுத்தின் அளவும்

கடைகளில் பெரிதும் கிடைப்பது ஏ4 தாள். அதன் அகலம் 210 மில்லிமீட்டர். உயரம் 297 மில்லிமீட்டர். அதை நடுவே மடித்தால் 148 மில்லிமீட்டர் அகலமும் 210 மில்லிமீட்டர் உயரமும் கொண்ட ஏ5 பக்கம் கிடைக்கும். பாதியாகக் குறைந்தாலும் அதன் வடிவ விகிதம் மாறுவதில்லை. இவ்வளவு முறை 1922இல் செருமனியில் தரப்படுத்தப்பட்டு, பின்னர் உலகின் பல நாடுகளுக்குப் பரவியது. விகிதம் மாறாமையே இம்முறையின் சிறப்பு. ஏ4 பக்கத்தைச் சுருக்கி ஏ5 பக்கத்தில் வைத்தால், ஓரங்களில் இடம் வீணாவதும் இல்லை. எழுத்துகள் வெட்டுப்படுவதும் இல்லை.

ஆனால் சுருக்கும்போது எழுத்தும் சுருங்கும். ஏ4 பக்கம் ஏ5 ஆகும்போது ஒவ்வோர் எழுத்தின் உயரமும் ஏறத்தாழ 71 விழுக்காடாகக் குறைகிறது. 12 புள்ளி அளவில் தட்டச்சு செய்த எழுத்து, அச்சில் எட்டரைப் புள்ளி அளவே இருக்கும். தமிழ் எழுத்தில் புள்ளியும் சுழியும் கொம்பும் காலும் பொருளை மாற்றுவன. அளவு மிகச் சிறுத்தால் 'கண்' என்பதன் புள்ளி மறைந்து 'கண' என்று தோன்றும். 'ரி' என்பதும் 'ரீ' என்பதும் மயங்கும். கையேட்டைப் படிக்கப் போகிறவர் கண்ணாடி அணிந்த பாட்டியாராக இருந்தால், அவர் இரண்டு வரிகளோடு நூலை மூடிவிடுவார்.

எனவே தொடக்கத்திலேயே பக்கத்தின் அளவை ஏ5 என்று அமைத்துக்கொண்டு, 12 புள்ளி எழுத்தில் தட்டச்சு செய்வது நன்று. திரையில் காண்பதே அச்சிலும் கிடைக்கும்.

5. கணினியில் அமைக்கும் முறை

முதற்படி, பக்க அமைப்பு. சொற்செயலியில் பக்க அளவை ஏ5 என்றும், பக்கம் நெடுக்குவாட்டில் அமையுமாறும் தெரிவு செய்ய வேண்டும். மடிப்பை ஒட்டிய உள்விளிம்பில் 18 முதல் 20 மில்லிமீட்டர் வரை இடம் விடுவது நலம். உள்விளிம்பு குறைந்தால் வரிகளின் முனை மடிப்புக்குள் புதைந்துவிடும்.

இரண்டாம்படி, பக்க எண். அடிப்பகுதியின் நடுவில் எண் அமைந்தால், இடப்பக்கமாயினும் வலப்பக்கமாயினும் எளிதில் தெரியும். அட்டையில் எண் தோன்ற வேண்டாம் என்று கருதினால், அதை மறைக்கலாம். ஆனால் அட்டையையும் ஒரு பக்கமாகவே எண்ண வேண்டும்.

மூன்றாம்படி, பக்கங்களை நான்கின் மடங்காக்குதல். எழுதியவை 14 பக்கங்களில் முடிந்துவிட்டன எனக் கொள்க. மென்பொருள் இறுதியில் இரண்டு வெற்றுப் பக்கங்களைத் தானே சேர்த்துக்கொள்ளும். அப்போது பின்னட்டை என்று எண்ணி வரைந்த படம் 14ஆம் பக்கமாக உள்ளே போய்விடும். உண்மையான பின்னட்டை வெறுமையாக நிற்கும். இதைத் தவிர்க்க, பின்னட்டைக்கு முன்பு இரு பக்கங்களைத் தாமே சேர்க்க வேண்டும். அவற்றை வெறுமையாக விடாமல், 'என் குறிப்புகள்' என்று தலைப்பிட்டுக் கோடிட்டால் படிப்பவருக்குப் பயன்படும்.

நான்காம்படி, கோப்பைப் பிடிஎஃப் வடிவில் சேமித்தல். தமிழ்க் கையேட்டிற்கு இது மிக இன்றியமையாதது. முற்காலத்துத் தமிழ் எழுத்துருக்கள் பலவும் ஆங்கில விசைகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை அமைத்திருந்தன. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால், பொருளற்ற ஆங்கில எழுத்துகளே தோன்றின. ஒருங்குறி முறை வந்தபின் அக்குறை பெரிதும் நீங்கியது. ஆயினும் மற்றொரு குறை எஞ்சியுள்ளது. வீட்டுக் கணினியில் உள்ள எழுத்துரு கடைக் கணினியில் இல்லையெனில், அக்கணினி வேறொரு தமிழ் எழுத்துருவை எடுத்துக்கொள்ளும். அதன் அகலம் சிறிது மாறினாலும் வரிகள் நகரும். வரிகள் நகர்ந்தால் பத்திகள் நகரும். 16 பக்கங்கள் 17 ஆகும். ஒரு பக்கம் மிகுந்ததால் நூல் 20 பக்கமாகி, ஒரு தாள் கூடி, எல்லாப் பக்கங்களும் இணை மாறிவிடும். பிடிஎஃப் கோப்போ எழுத்துருவைத் தன்னுள்ளே வைத்துக்கொண்டு செல்வது. எந்தக் கணினியில் திறந்தாலும் வரி ஒன்றும் அசையாது.

ஐந்தாம்படி, அச்சிடும் கட்டளை. அடோபி ரீடரில் 'பிரிண்ட்' கட்டளையை அழுத்தினால் தோன்றும் கட்டத்தில் 'புக்லெட்' என்னும் பொத்தான் உண்டு. அதைத் தெரிவு செய்து, தாளின் அளவு ஏ4 என்றும், கட்டு இடப்புறம் என்றும் அமைத்தால், மென்பொருள் பக்கங்களைத் தானே இணைசேர்க்கும். லிப்ரெஆபீஸ் ரைட்டரில் இதே வேலையைச் செய்வது 'புரோஷர்' என்னும் தெரிவு. மைக்ரோசாப்ட் வேர்டில் விளிம்பு அமைக்கும் கட்டத்தில் 'புக் ஃபோல்ட்' என்னும் தெரிவு உண்டு. பெயர்கள் மூன்றாயினும் கணக்கு ஒன்றே.

6. அச்சிடுதல், மடித்தல், தைத்தல்

அச்சுப்பொறி இருபுறமும் தானே அச்சிட வல்லதாயின், தாளைக் குறுகிய விளிம்பின் வழியே திருப்புமாறு அமைக்க வேண்டும். மடிப்புக்கோடு குறுகிய விளிம்புக்கு இணையாகச் செல்வதே இதற்குக் காரணம். நீண்ட விளிம்பின் வழியே திருப்பினால், பின்புறப் பக்கங்கள் எல்லாம் தலைகீழாகும்.

ஒருபுறம் மட்டும் அச்சிடும் பொறியாயின், முதலில் முன்புறங்களை மட்டும் அச்சிட்டு, தாள்களைத் திருப்பி வைத்து, பின்புறங்களை அச்சிட வேண்டும். தாளை எவ்வாறு திருப்பி வைப்பது என்பது பொறிக்குப் பொறி மாறும். ஆகவே ஒரு வெற்றுத்தாளின் மூலையில் பென்சிலால் அம்புக்குறி இட்டு, அதில் ஒரு பக்கத்தை அச்சிட்டுப் பார்ப்பது அறிவுடைமை. அச்சகத்தார் பெரிய நூல்களுக்கும் முதலில் வெற்றுத்தாள்களை மடித்து, பக்க எண்களை எழுதி, மாதிரி ஒன்று செய்து கொள்வர். அதை 'டம்மி' என்பர். மாணவரும் நான்கு துண்டுத்தாள்களை மடித்து அத்தகைய மாதிரி ஒன்றைச் செய்து கடைக்கு எடுத்துச் சென்றால், மொழி அறியாத கடைக்காரருக்கும் வேண்டியது இன்னதென்று உடனே விளங்கும்.

அச்சான தாள்களை நான்காம் தாள் மேலே இருக்குமாறு அடுக்கி, விளிம்புகளைத் தட்டிச் சமமாக்கி, ஒன்றாக மடிக்க வேண்டும். மடிப்பின் மேல் அளவுகோலின் விளிம்பை அழுத்தித் தேய்த்தால் மடிப்பு கூர்மையாகும். பின்னர் விரித்து வைத்து, மடிப்புக்கோட்டின் மேல் இரண்டு இடங்களில் வெளிப்புறத்திலிருந்து ஸ்டேப்ளர் பின் அடிக்க வேண்டும். சிறிய ஸ்டேப்ளரின் கை நடுக்கோடு வரை எட்டாது. அப்போது ஊசியும் நூலும் போதும். மடிப்புக்கோட்டில் மூன்று துளைகள் இட்டு, நடுத்துளையில் தொடங்கி, மேலும் கீழும் சென்று, மீண்டும் நடுவில் முடிச்சிட்டால் கட்டு உறுதியாகும். சுவடியைக் கட்டிய நூல், இங்கே மீண்டும் நூலைக் கட்டுகிறது.

தாள்கள் பல சேரும்போது உள்தாள்கள் வெளியே சிறிது துருத்தும். ஒரு தாளின் தடிமன் ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர். நான்கு தாள்களில் இது கண்ணுக்குப் புலப்படாது. 15 தாள்கள் சேர்ந்தால் ஒன்றரை மில்லிமீட்டர் அளவுக்குத் துருத்தும். அதனால்தான் தடித்த நூல்களை ஒரே மடிப்பில் செய்யாமல், சிறு மடிப்புகளாகச் செய்து, அவற்றை அடுக்கித் தைக்கின்றனர்.

செலவையும் எண்ணிப் பார்க்கலாம். 16 பக்கக் கையேட்டை 30 படிகள் எடுக்க 120 ஏ4 தாள்கள் போதும். ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனி ஏ4 தாளில் ஒருபுறம் மட்டும் அச்சிட்டால் 480 தாள்கள் வேண்டும். மடிப்பு முறையில் செலவாகும் தாள் அதில் நான்கில் ஒரு பங்கே.

7. பிழையும் காரணமும்

பின்புறம் தலைகீழாக இருந்தால், தாள் நீண்ட விளிம்பின் வழியே திருப்பப்பட்டுள்ளது.
நூலைத் திறந்தவுடன் நடுப்பக்கம் தோன்றினால், தாள்கள் எதிர்வரிசையில் அடுக்கப்பட்டுள்ளன.
இணை எண்களின் கூட்டுத்தொகை இடையே மாறினால், பக்க எண்ணிக்கை வேறான மற்றொரு நூலின் தாள் கலந்திருக்கலாம்.
பின்னட்டை வெறுமையாக இருந்தால், பக்கங்கள் நான்கின் மடங்காக நிரப்பப்படவில்லை.
எழுத்து மிகச் சிறிதாக இருந்தால், ஏ4 அளவில் எழுதியது சுருக்கி அச்சிடப்பட்டுள்ளது.

8. பதினாறு பக்கங்களில் எதை வைப்பது?

தொல்காப்பியப் பாயிரம் தமிழ் வழங்கும் நிலத்தின் வட எல்லையாக வேங்கட மலையைக் குறிக்கிறது. அம்மலை மீதுள்ள திருமலைக் கோயிலின் கல்வெட்டுகளில் பெரும்பகுதி தமிழில் அமைந்தவை. திருமலை திருப்பதி தேவஸ்தானம் 1930களில் அக்கல்வெட்டுகளைப் படியெடுத்து, தொகுதிகளாக அச்சிட்டு வெளியிட்டது. செப்பேடுகளில் பொறித்துக் கோயிலில் வைக்கப்பட்டிருந்த அன்னமாச்சாரியாரின் தெலுங்குக் கீர்த்தனைகளும் இருபதாம் நூற்றாண்டில் அச்சேறின. கல்லிலும் செம்பிலும் இருந்தபோது மலையேறிச் சென்றவர் மட்டுமே காண இயன்றவை, தாளில் ஏறிய பின்பு வீடுகளுக்கு வந்தன. இன்று தேவஸ்தானம் வெளியிடும் 'சப்தகிரி' மாத இதழ் தமிழ், தெலுங்கு உள்ளிட்ட பல மொழிகளில் வருகிறது.

கல்லிலும் செம்பிலும் எழுதப்படாத தமிழ் ஒன்றும் உண்டு. அது வீடுகளில் பேசப்படுவது. வேலையின் பொருட்டு ஊர்விட்டு வந்த குடும்பங்களில் தாத்தாவும் பாட்டியும் வழங்கும் சமையற் சொற்கள், உறவுப் பெயர்கள், விடுகதைகள், பழமொழிகள், பிறந்த ஊரின் தெருப்பெயர்கள் ஆகியவை பெரும்பாலும் எந்த ஏட்டிலும் இல்லை. பள்ளியில் தெலுங்கும் இந்தியும் ஆங்கிலமும் கற்கும் பேரப்பிள்ளைகள் அவற்றைக் கேட்டுப் புரிந்துகொள்வர். ஆனால் எழுதிப் பழகியிரார். சொல்பவர் இல்லாத நாளில் அச்சொற்களும் இல்லாமற் போகும்.

ஒரு வகுப்பில் பத்து மாணவர் தமிழைத் தெரிவுமொழியாகப் பயின்றால், ஒவ்வொருவரும் ஒரு பக்கம் வீதம் தம் வீட்டுச் சொற்களைத் திரட்டி எழுதலாம். பத்துப் பக்கங்கள் நிரம்பும். முன்னட்டைக்கு ஒன்று, பின்னட்டைக்கு ஒன்று, பொருளடக்கத்திற்கு ஒன்று, சொற்பொருள் அகரவரிசைக்கு மூன்று. கணக்கு சரியாகப் பதினாறு. தமிழ் எழுத்தில் முதலில் அச்சேறிய அந்தக் கொல்லத்துச் சிறுநூலின் அளவும் அதுவே. நான்கு தாள்களையும் ஒரு முழ நூலையும் கொண்டு, ஒரு வகுப்பு தன் மூத்தோரின் சொற்களைக் காத்து வைக்க இயலும். அக்கையேட்டை முதலில் பெற வேண்டியவர், அச்சொற்களைச் சொல்லித் தந்த தாத்தாவும் பாட்டியுமே. தம் வாய்மொழி அச்சில் இருப்பதைக் காணும் அவர்கள், விடுபட்ட சொற்களையும் திருத்த வேண்டியவற்றையும் தாமே கூறுவர். அவை இரண்டாம் பதிப்பில் இடம்பெறும்.

அருஞ்சொற்பொருள்

சுவடி – ஓலைகளைக் கோத்துக் கட்டிய நூல்
படி – ஒன்றைப் பார்த்து எடுத்த நகல்
மடங்கு – ஓர் எண்ணால் மீதியின்றி வகுபடும் எண்
எழுத்துரு – கணினியில் எழுத்துகளின் வடிவத் தொகுதி
ஒருங்குறி – உலக மொழிகளின் எழுத்துகளுக்கு உரிய பொதுக் குறியீட்டு முறை
துருத்துதல் – வெளியே நீட்டிக்கொண்டிருத்தல்
விழுக்காடு – நூற்றுக்கு இவ்வளவு என்னும் அளவு

பயிற்சிகள்

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. 'நூல்' என்னும் சொல்லின் இரு பொருள்கள் யாவை?
2. லிஸ்பனில் அச்சான தமிழ்ச் சிறுநூலில் உரோமன் எழுத்துகள் பயன்படுத்தப்பட்டது ஏன்?
3. தரங்கம்பாடியில் சிறிய எழுத்துகளை வார்க்க நேர்ந்த காரணம் யாது?
4. தமிழ் படிக்க அறியாத கடைக்காரருக்குப் பக்க எண் எவ்வாறு உதவுகிறது?

ஆ. கணக்கிட்டு எழுதுக.
1. 12 பக்கக் கையேட்டில் ஐந்தாம் பக்கத்தின் இணை எது? அதற்கு எத்தனை தாள்கள் வேண்டும்?
2. 20 பக்கக் கையேட்டின் எல்லாத் தாள்களுக்கும் பக்க இணைகளைப் பட்டியலிடுக.
3. 16 பக்கக் கையேட்டில் இரண்டாம் தாள் தொலைந்தால் எப்பக்கங்கள் குறையும்?
4. 22 பக்கங்களில் முடிந்த கையேட்டில் எத்தனை பக்கங்களைச் சேர்க்க வேண்டும்? அவற்றை எவ்விடத்தில் சேர்ப்பது பொருத்தம்?

இ. பிரித்து எழுதுக.
கையேடு, கல்வெட்டு, முதற்பக்கம், பழமொழி, பதினாறு, திருப்பதி

ஈ. பொருள் வேறுபாடு தோன்றத் தொடரில் அமைக்க.
தாள் – தால். படி – பாடி. ஏடு – எடு. ஓலை – உலை

உ. ஐந்து தொடர்களில் எழுதுக.
ஜெராக்ஸ் கடைக்காரரிடம் கையேட்டை அச்சிடத் தருமுன் கூற வேண்டிய குறிப்புகள்.

ஊ. செயல்பாடு
வீட்டில் மூத்தோர் வழங்கும் பத்துத் தமிழ்ச் சொற்களைக் கேட்டு எழுதுக. ஒவ்வொன்றுக்கும் பொருளும், அச்சொல் வழங்கும் ஊரின் பெயரும், அதற்கு ஈடான தெலுங்குச் சொல் தெரிந்தால் அதையும் தமிழ் எழுத்தில் குறிப்பிடுக. வகுப்பில் அனைவரும் எழுதியவற்றைத் தொகுத்து, நான்கு வெற்றுத்தாள்களில் மாதிரி மடிப்பு செய்து, எப்பக்கத்தில் எது அமையும் என்பதைப் பென்சிலால் குறித்தபின் தட்டச்சைத் தொடங்குக.